யாருக்கு வருத்தம்?

கும்மிடிப்பூண்டி
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

மதிப்பிற்குரிய என் கணவர் ஷாகிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் நலத்தை அறிய விழைகிறேன்.

தங்கள் கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கிறது. மங்களூரில் ரவூப் மாமாவின் எண்ணுக்கு அழைத்தால், 'அவன் குடோன்ல இருக்கான்மா' என்ற ஒரே விடைதான் வருகிறது. கருவாட்டுக் கிடங்கில் ஒரு மனிதனுக்கு இத்தனை வேலை இருக்கக்கூடும் என்பதை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை. ஆகவே அஞ்சலகத்தை நாடியிருக்கிறேன்.

புறப்பட்ட அன்று தாங்கள் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னும் மறுமொழி கூறவில்லை. 'உன் தமிழாலயே என்னை வெளிய தள்ளிட்டாங்க. நீயும் எழுதிக் குடுத்துட்ட' என்றீர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவரிடம் விளக்கம் கூறுவது என் இயல்பன்று. இப்போது கூறுகிறேன்.

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் காணாதவள். பொன்னேரி நூலகத்தின் மர பெஞ்சில் அமர்ந்து, நாளேடுகளின் தலையங்கங்களைப் பார்த்தெழுதிப் பழகிய தமிழ் என்னுடையது. அதை நம்பித்தான் நம் கம்பெனி தன் அறிவிப்புப் பலகை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்தது. முதுகலைப் பட்டம் பெற்ற மேலாளர் வெங்கடேசன் அவர்களே, 'இத கொஞ்சம் அழகா எழுதிக் குடும்மா' என்று என் மேசைக்கு வருவார். சென்ற ஆண்டு, அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றோடு வந்த செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்க வேண்டும் என்று, ஜோஷ்வா என்னும் பொறியாளர் என் பழைய அறிவிப்புகள் அனைத்தையும் கேட்டு வாங்கிச் சென்றார். கொடுத்தேன். பெருமையுடன் கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தாங்கள் ஜும்ஆ தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில், தங்கள் அட்டையைப் போட்டுக்கொண்டு அன்புராஜ் அண்ணன் தங்கள் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் நின்றதைக் கேமரா கண்டது. இயந்திரம் தங்கள் ஷிப்டை நிறுத்தியது. அதைத் தங்களுக்கு அறிவித்த குறுஞ்செய்தியை நான் எழுதவில்லை. நடை என்னுடையதைப் போல இருக்கிறது. வாக்கியம் என்னுடையது அன்று. இதை நம்புவதும் நம்பாததும் தங்கள் விருப்பம். நம்பும்படி கெஞ்ச மாட்டேன்.

மாலையில் கம்பெனிப் பேருந்தில் தாங்கள் முதலில் ஏறி, சன்னலோர இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பது வழக்கம். நான் அலுவலகக் கதவைப் பூட்டிவிட்டு மெதுவாக வருவேன். இப்போதும் அந்த இருக்கையில் யாரும் அமர்வதில்லை. நானும் அமர்வதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வீடு சேர்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் மனைவி,
முபீனா


மங்களூரு
12-8-2025

முபீனா,

வ அலைக்கும் ஸலாம். லெட்டரு வந்துச்சு. மாமாதான் பிரிச்சாரு. ரெண்டு வரி படிச்சுட்டு, 'இன்னாடா, கலெக்டரு உனக்கு எழுதிக்கீறாரு?'ன்னாரு. என் பொண்டாட்டின்னு சொன்னேன். அவரு நம்பல.

இங்க மழை நிக்கவே இல்ல. கருவாடு காயறதுக்கு வெயிலு இல்லாம மூட்டையப் பொரட்டிப் பொரட்டி வெச்சுக்கினு இருக்கோம். இத்தன வேலையான்னு கேட்டியே, இதான் வேல.

அந்த மெசேஜு எனக்கு மனப்பாடம். 'தங்கள் அடையாள அட்டை பிறரால் பயன்படுத்தப்பட்டமை கண்டறியப்பட்டுள்ளது. மறு அறிவிப்பு வரும்வரை தாங்கள் பணிக்கு வருகை தர வேண்டியதில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' சிப்காட் பூரா தேடு. 'வருகை தர'ன்னு எழுதறவ ஒருத்திதான் கீறா. ஊட்ல 'மச்சான், சோறு ஆறுது'ன்னு கூப்புடுவா. மெசேஜுல தாங்கள்.

கேமரா பொய் சொல்லல. கார்டு என்னுது, நின்னவன் அன்பு. வெள்ளிக்கெழமைன்னா அவன் சாப்பாட்டு நேரத்த எனக்குக் குடுப்பான். ஆடிக் கிருத்திகைக்கு அவன் திருத்தணிக்குக் காவடி எடுத்துக்கினு போனா, அவன் பிரஸ்ல நான் நிப்பேன். அவன் வேலையும் எனக்குத் தெரியும், என் வேலையும் அவனுக்குத் தெரியும். சூப்பர்வைசரு பாத்தும் பாக்காத மாதிரி போவாரு. தப்புன்னா தப்புதான். கூப்ட்டு நாலு பேரு முன்னால திட்டியிருந்தாலும் வாங்கிக்கினு நின்னிருப்பேன். கூப்புடவே இல்லியே. கேட்டாண்ட கார்டத் தேச்சா செவப்பு லைட்டு எரியுது, பின்னால வரிசையில நிக்கறவன் 'சீக்கிரம் நவுருப்பா'ன்றான். அங்க நின்னுக்கினுதான் உன் தமிழப் படிச்சேன்.

வருத்தமாம். யாருக்கு வருத்தம்? வெங்கடேசன் சாருக்கா, உனக்கா, அந்தக் கேமராவுக்கா? இதுக்கு மட்டும் பதிலு எழுது. மத்தது வேணாம்.

சீட்டுல உக்காரு. காலு வலிக்கும்.


கும்மிடிப்பூண்டி
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்பிற்குரிய ஷாகிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். அதன் கீழே உங்கள் பெயர் இல்லை. யார் எழுதியது என்பது முதல் வரியிலேயே விளங்கிவிடுகிறது. ஆயினும் பெயரிடாத கடிதம் அரைக் கடிதமே.

உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை கேட்கக்கூடிய இடம் ஒன்று எதிர்பாராமல் வாய்த்திருக்கிறது. அதைக் கூறுகிறேன்.

தொழிற்சாலைகளில் இத்தகைய இயந்திரங்கள் மனிதர்களைப் பற்றி என்னென்ன முடிவுகள் எடுக்கலாம், எவற்றை எடுக்கக் கூடாது என்பதற்கு விதிகள் எழுத, இங்கு வாழ்வோரும் உழைப்போரும் அடங்கிய குடிமக்கள் குழு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். மாவட்ட அலுவலர்களும் நம் கம்பெனி உள்ளிட்ட சில தொழிற்சாலைகளும் சேர்ந்து செய்யும் சோதனை முயற்சி இது. குடும்ப அட்டைகளிலிருந்து பெயர்களைக் குலுக்கி எடுத்தார்கள். என் பெயரும் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் ரயில்வே கேட்டருகே உள்ள கல்யாண மண்டபத்தில் கூடுகிறோம். முதல் நாள், மேடையில் முந்தைய முகூர்த்தத்தின் பூ அலங்காரம்கூட அகற்றப்படவில்லை. 'பூமிகா வெட்ஸ்' என்பது வரை தெர்மாகோல் எழுத்துகள் நின்றன; மாப்பிள்ளையின் பெயர் கீழே விழுந்திருந்தது.

தொடக்க உரையாற்றிய அலுவலர், சோழர் காலத்துக் குடவோலை முறையைக் குறிப்பிடத் தவறவில்லை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்த அதே மரபு என்றார். நம் கம்பெனி வாசலில் இட்லி விற்கும் ஜானகியம்மாளும் குழுவில் இருக்கிறார். எழுந்து நின்று, "அந்தக் கொடத்துல பொம்பள பேரு இருந்துச்சாங்க?" என்று கேட்டார்.

"இல்லம்மா," என்றார் அலுவலர்.

"அப்போ இது வேற கொடம்," என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.

கூட்டத்தை நடத்துபவர் காயத்ரி என்னும் இளம்பெண். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறார். கணினி பற்றி எதுவும் தெரியாத நாங்கள் என்ன விதி எழுதுவது என்று பலரும் தயங்கினோம். ஜானகியம்மாள் வெளிப்படையாகவே கேட்டார்:

"நான் மாவு கரைக்கறவ. எனக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"நாளைக்கு உங்க கடைய எங்க போடலாம், போடக் கூடாதுன்னு ஒரு கேமரா முடிவு பண்ணா இன்னா செய்வீங்க?" என்றார் காயத்ரி.

"ஒடைப்பேன்."

"ஒடைக்கறதுக்கு முன்னாடி?"

"யாரு வெச்சதுன்னு கேப்பேன். அந்த ஆளக் கூப்புடுன்னு சொல்வேன்."

காயத்ரி அதைப் பலகையில் எழுதினார். எங்கள் குழு எழுதிய முதல் வரி அதுதான்.

செப்டம்பர் 14 அமர்வுக்கு ஜோஷ்வா அவர்களும் வெங்கடேசன் அவர்களும் வருகிறார்கள். உண்மையில் நடந்த நிகழ்வு ஒன்றை எடுத்துரைத்துக் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் நிகழ்வை உங்கள் பெயருடன் எடுத்துரைக்க அனுமதி வேண்டுகிறேன். வெங்கடேசன் அவர்கள் வெள்ளிக்கிழமையே என் மேசைக்கு வந்து, 'பாத்துப் பேசும்மா, நீயும் இங்கதான் வேல பாக்கற' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்காக நான் பேசாமல் இருக்கப் போவதில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பேன்.

இருக்கையில் இன்னும் அமரவில்லை.

இங்ஙனம்,
முபீனா


மங்களூரு
2-9-2025

முபீனா,

ஸலாம். வேணாம். என் பேர சொல்லாத.

பழவேற்காட்ல நம்ம சனம் இன்னா பேசும்னு உனக்குத் தெரியாதா? தொழுவப் போனான்னு எவனும் சொல்ல மாட்டான். 'கார்டு மாத்தி மாட்டிக்கினான், பொண்டாட்டி மைக்குப் புடிச்சு ஊருக்கே சொல்லிட்டா'ன்னுதான் சொல்லுவான். அது கூடப் பரவால்ல. என் பேரு வந்தா அன்பு பேரு வரும். கார்டுல இருக்கற மொகம் இல்லன்னு மட்டும்தான் கேமராவுக்குத் தெரியும். நின்னவன் யாருன்னு ஆளுங்க கேப்பாங்கல்ல? அவனுக்காவது வேல இருக்கட்டும். அவன் இதுவரைக்கும் எனக்கு ஒரு போன் பண்ணல. பண்ண மொகம் இல்லன்னு எனக்குத் தெரியும். நானும் பண்ணல. போனே ஆன் பண்ணலியே.

அந்தப் போனப் பொட்டியில அடியில போட்டு வெச்சிருக்கேன். மாமா போனு 'டிங்'குன்னாக்கூட எழுந்து வெளிய போயிடறேன். பேஜாரு புடிச்ச சத்தம்.

இங்க கொட்டக் கொட்டையா செவப்பு அரிசிச் சோறு. தொண்டையில நிக்குது. ஏரி மடவை மீனுன்னு சொன்னா இங்க ஒருத்தருக்கும் புரியல. கையால அளவு காமிச்சேன். வேற ஏதோ மீனக் கொண்டாந்து குடுத்தாங்க.

உன் லெட்டர ரெண்டு தபா படிக்கிறேன். மொத தபா புரியறதுக்கு. ரெண்டாவது தபா உன் கொரல்ல கேக்கறதுக்கு.

கேள்விய மட்டும் கேளு. பேரு வேணாம். இதுலயும் பேரு போடல. அரை லெட்டருன்னே வெச்சுக்கோ.


கும்மிடிப்பூண்டி
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்பிற்குரிய ஷாகிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கு அளித்த வாக்கைக் காப்பாற்றினேன். உங்கள் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் இன்று நடந்ததை நீங்கள் அறிய வேண்டும்.

கேள்வி கேட்கும் முறை எனக்கு வந்தபோது, அந்தக் குறுஞ்செய்தியைப் பெயரின்றி உரக்கப் படித்தேன். பிறகு ஜோஷ்வா அவர்களிடம், "இதில் வருத்தத்துடன் என்று இருக்கிறது. யாருக்கு வருத்தம்?" என்று கேட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"யாருக்கும் இல்ல மேடம். நீங்க குடுத்த அறிவிப்புகள்ல அந்த வார்த்தை நிறைய இருந்துச்சு. கெட்ட செய்தின்னா அத சேக்கணும்னு அதுவா கத்துக்கிச்சு. இந்த மெசேஜ யாரும் எழுதல. அதுவே எழுதினதுதான்."

நான் நிரபராதி என்பது ஒலிபெருக்கியில் உறுதியானது. மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் என் மனத்தில் தங்கிவிட்டது. நான் எழுதிய ஒவ்வோர் அறிவிப்பின் கீழும் வெங்கடேசன் அவர்களின் கையொப்பம் இருக்கும் அல்லவா? இயந்திரத்துக்குக் கற்பிக்கும்போது அந்தக் கையொப்பங்களை நீக்கிவிட்டார்களாம். அவை வெறும் கிறுக்கல். அவற்றில் கற்க ஒன்றுமில்லையாம். என் சொற்கள் அனைத்தையும் அது எடுத்துக்கொண்டது. அச்சொற்களுக்குப் பொறுப்பேற்று நின்ற ஒரே ஒரு பெயரை விட்டுவிட்டது.

ஜோஷ்வா கெட்டவர் அல்லர். அவர் ஒரு மறுகேள்வி கேட்டார்: "ஒருத்தர் கார்டுல இன்னொருத்தர் நின்னு பிரஸ்ல கை போச்சுன்னா, யார் கைன்னு சொல்வீங்க? காப்பீடு வராது. கேமரா அதுக்குத்தான் வெச்சது." அவர் கூறியதில் நியாயம் இருந்தது. குறுஞ்செய்தி எழுதியிருந்த தாளை மடித்துக்கொண்டு அமர்ந்தேன்.

ஜானகியம்மாள்தான் மெல்ல ஆரம்பித்தார். "ஆபத்துன்னா பிரஸ்ஸ நிறுத்தட்டும் நைனா. அந்த நிமிசம் நிறுத்தட்டும். நான் வேணாம்னு சொல்லல. ஆள ஏன் அதுவே நிறுத்துது? ஆள நிறுத்தறதுன்னா ஒரு ஆளு வந்து சொல்லணும்."

இதைச் சுற்றி நெடுநேரம் விவாதம் நடந்தது. ஆள் வந்து சொன்னால் மட்டும் நியாயம் நடந்துவிடுமா, சூப்பர்வைசர்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் இல்லையா, இயந்திரத்துக்காவது அது கிடையாதே என்று ஒருவர் கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இயந்திரமே கண்டறியட்டும், ஆனால் பாதிக்கப்படுபவரைக் கேட்ட பிறகே முடிவு, முடிவெடுத்தவர் பெயர் கீழே இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு மெல்ல வந்து சேர்ந்தோம்.

அப்போது பார்வையாளர் வரிசையின் கடைசியிலிருந்து அன்புராஜ் அண்ணன் எழுந்தார். அவர் வந்திருந்ததையே நான் கவனிக்கவில்லை.

"அந்த மெசேஜுல 'பிறரால்'னு கீதே, அது நான்தான். பேரு அன்புராஜ். எழுதிக்கங்க," என்றார். மைக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "என் சாப்பாட்டு நேரம், என் சிநேகிதன் தொழுவப் போனான், நான் நின்னேன். அவனும் எனக்கு நின்னுக்கீறான். கார்டு அவனுதுன்னு அவன் வேல போச்சு. நின்னவன் நான் இன்னும் கீறேன். தெனம் அவன் பிரஸ்ஸப் பாத்துக்கினு கீறேன். இது இன்னா நியாயம்னு யாராவது சொல்லுங்க."

முதல் வரிசையில் இருந்த வெங்கடேசன் அவர்கள் தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்புராஜ் அண்ணனை என்ன செய்வார்களோ என்ற அச்சத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

திங்கள் மாலை சேர்க்கை: ஒன்றும் செய்யவில்லை. வெங்கடேசன் அவர்கள் அண்ணனின் பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். ஏதோ சொல்ல வாயெடுப்பதும், 'எண்ணெ போட்டியாப்பா' என்று கேட்டுவிட்டுப் போவதுமாக இருந்தாராம். நேருக்கு நேர் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இயந்திரத்துக்கு அந்தத் தடை இல்லை.

இன்று மாலை பேருந்தில் அந்தச் சன்னலோர இருக்கையில் அமர்ந்தேன். பக்கத்து இடத்தில் என் பையை வைத்துவிட்டு, ஏன் வைத்தேன் என்று புரியாமல் மீண்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இங்ஙனம்,
முபீனா


மங்களூரு
23-9-2025

முபீனா,

ஸலாம். அன்பு எழுந்தத ரெண்டு தபா இல்ல, எத்தன தபா படிச்சேன்னு எழுத மாட்டேன். கண்ணத் தொடச்சுக்கினு இருந்தேன். மாமா பாத்துட்டு, 'கருவாட்டு நெடி'ன்னாரு. ஆமா நெடிதான்னேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனிமே மறைக்கறதுக்கு இன்னா கீது. என் பேரச் சொல்லிக்கோ. அவனே சொன்னப்புறம் நான் மட்டும் மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருக்கறதா?

நீ எழுதலன்னு நம்பறேன். அன்னிக்கே நம்பியிருக்கணும். பையத் தோள்ல மாட்டினப்புறம் இறக்கி வெக்க மனசு வரல.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. அந்த மெசேஜ உன்கிட்டக் குடுத்து எழுதச் சொல்லியிருந்தா, பேரு ஷாகிருன்னு சொல்லாம குடுத்திருந்தா, நீ எப்டி எழுதியிருப்ப?


கும்மிடிப்பூண்டி
12 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கேள்வியைப் பல நாள் சுமந்துகொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் காலதாமதம்.

அப்படியேதான் எழுதியிருப்பேன். 'வருகை தர' என்றுதான் எழுதியிருப்பேன். 'வருத்தத்துடன்' என்று முடித்துவிட்டு, வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று மனத்துக்குள் மகிழ்ந்துமிருப்பேன். ஷாகிர் என்ற பெயரைச் சொல்லியிருந்தால் பேனா ஓடியிருக்காது. இதைவிட நேர்மையான விடை என்னிடம் இல்லை.

விதிகள் எழுதி முடித்துவிட்டோம். ஆபத்தென்றால் இயந்திரம் பிரஸ்ஸை நிறுத்தலாம், ஆளை நிறுத்தக் கூடாது என்பது முதலாவது. கேமரா எதை எதைப் பார்க்கிறது என்பதை வாசலில் எழுதி வைக்க வேண்டும். தொழுகைக்கோ கிருத்திகைக்கோ ஆள் மாற்றிக்கொள்வதென்றால், அந்த பிரஸ் தெரிந்தவராக இருந்து, முன்னதாகச் சொல்லிவிட்டு, அவரவர் அட்டையுடன் நிற்கலாம். இயந்திரத்துக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். இதைச் சேர்ப்பது கடினமில்லை என்று ஜோஷ்வாவே சொன்னார். முடிவு எதுவாயினும் கீழே ஒருவர் பேனாவால் தம் பெயரை எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் குழு இத்துடன் கலையாமல், ஆண்டுதோறும் புதிய பெயர்களைக் குலுக்கி எடுத்து, இயந்திரத்தின் நடத்தையைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்டோம்.

முடிவெடுத்தவர் பெயரை இடவும் வாசலில் எழுதி வைக்கவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆளைக் கேட்காமல் நிறுத்துவதில்லை என்பதைப் பொங்கல்வரை பரீட்சித்துப் பார்ப்பார்களாம். ஆள் மாற்றத்தைக் காப்பீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வார்களாம். குழு தொடர்வது 'பரிசீலனையில்' இருக்கிறது. அந்தச் சொல்லை நானே பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும். ஜானகியம்மாள் விடுவதாக இல்லை. 'தெனம் என் கடையாண்டதான வண்டிய நிறுத்தறாங்க, கேட்டுக்கினே இருப்பேன்' என்கிறார்.

இனி ஒன்று. அதைச் சொல்வதற்குச் சிறிது கூசுகிறது. தொழிலாளிக்கு அனுப்பும் முதல் செய்தி எந்தச் சொற்களில் இருக்க வேண்டும் என்பதையும் குழுவே எழுத வேண்டியிருந்தது. இயல்பாகவே அனைவரும் என்னைப் பார்த்தார்கள். 'தங்கள் பணி தொடர்பாக ஓர் ஐயம் எழுந்துள்ளது. அதுகுறித்துத் தங்கள் விளக்கத்தை நேரில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினேன். ஒரு பிழை இல்லை.

ஜானகியம்மாள், "நல்லாத்தான் கீதும்மா. இத ஒருத்தர் மூஞ்சியப் பாத்து சொல்லிக் காமி," என்றார்.

அன்புராஜ் அண்ணன் பின்வரிசையில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றேன். 'தங்கள் பணி' என்பதற்கு மேல் குரல் எழவில்லை. அண்ணனே சங்கடப்பட்டு, "வுடுங்க தங்கச்சி," என்றார்.

பிறகு ஜானகியம்மாள் சொல்லச் சொல்லக் காயத்ரி எழுதினார்: 'உங்க வேலையப் பத்தி ஒரு கேள்வி இருக்கு. வந்து சொல்லுங்க. கேக்கறதுக்கு நான் இருப்பேன்.' கீழே ஒரு பெயர். அவ்வளவுதான். கையுயர்த்தச் சொன்னார்கள். கடைசியாக உயர்ந்த கை என்னுடையது, ஆனால் உயர்ந்தது.

உங்கள் பெயரைப் பதிவு செய்தேன். இயந்திரம் எடுத்த பழைய முடிவுகளில் முதலில் மறுவிசாரணைக்கு வருவது உங்களுடையது. உங்கள் கைப்பேசி பெட்டியின் அடியில் இருப்பதை நான் தெரிவித்ததால், வெங்கடேசன் அவர்கள் அஞ்சலில் கடிதம் அனுப்புகிறார். விசாரணை நவம்பர் முதல் வாரத்தில், கம்பெனியில். அந்த அறையில் நான் இருக்க முடியாது. உறவினர் வெளியேற வேண்டும் என்ற விதியை முன்மொழிந்தவளே நான்தான். உங்கள் பெயர் படிக்கப்பட்ட இன்றும் அப்படியே வெளியே வந்து, மண்டபத்தின் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன், உள்ளே பேசுவது காதில் விழாமல் இருக்க.

நீங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். அது உங்கள் முடிவு. பழவேற்காட்டு மீன்காரர் நம் தெருவில் 'மடவை' என்று கூவிச் செல்கிறார். நீங்கள் போனதிலிருந்து வாங்கவில்லை. ஒருத்திக்கு எத்தனை மீன் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

முபீனா


மங்களூரு
21-10-2025

முபீனாவுக்கு,

ஸலாம். வெங்கடேசன் சாரு லெட்டரு வந்துச்சு. மாமா பிரிக்கல, என் கையிலயே குடுத்துட்டாரு. மூணே வரி. கீழ அவரு கையெழுத்து, கோழி கெளறுன மாதிரி. பேனாவ அழுத்திப் போட்டதுல பேப்பரு பின்பக்கம் தடவுனா கையில தட்டுது. தடவிப் பாத்துக்கினே இருந்தேன்.

வரேன். தப்பு என்னுதுன்னா என்னுதுன்னு அவரு மூஞ்சியப் பாத்து சொல்றேன். அவரு வேணாம்னாலும் என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும். வேல குடுத்தா யோசிப்பேன். குடுக்கலன்னா ஆந்திராவுல தடா பக்கம் வேற கம்பெனி பாக்கலாம்னு அன்பு சொல்றான். ஆமா, அவனுக்குப் போன் பண்ணேன், மாமா போன்ல. கொரலு கேட்டதும் அவன், 'எப்போ வர, உன் பிரஸ்ல இருக்கறவன் எண்ணெயே போட மாட்டேன்றான்'ன்னான்.

'கேக்கறதுக்கு நான் இருப்பேன்'னு சாரு எழுதிக்கீறாரு. அவரு இருக்கட்டும். ரூம்புக்குள்ள நீ இருக்கக் கூடாதுன்னு நீயே ரூல் போட்டுக்கீற. சரி. ரூம்புக்கு வெளிய?

இது அரை லெட்டரு இல்ல.

இப்படிக்கு,
ஷாகிர்


கும்மிடிப்பூண்டி
28 அக்டோபர் 2025

மச்சான்,

அவங்க உள்ள கேட்டு முடிச்சதும் நேரா கம்பெனி பஸ்ஸுக்கு வாங்க. அன்னிக்கு நான் மொதல்லயே ஏறிடுவேன். ஜன்னலாண்ட சீட்டுல என் பைய வெச்சிருப்பேன். எடுத்துட்டு உக்காருங்க.

முபீனா